கைக்குக் கால், காலுக்கு அரை

எங்கள் வீட்டுப் பின்புறம், பலா மரத்தடியில், ஒரு சின்ன டிராக்டர் பல வருடம் சும்மா கிடந்தது. புல் வெட்டுகிற டிராக்டர். எழுபதுகளின் கடைசியில் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, துரை பங்களாவில் இருந்த சாமான்களை ஏலம் விட்டார்கள். ஆட்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் புல்வெளி கிடையாது. முன்னால் நாலு மிளகாய்ச் செடி, பின்னால் கோழிக் கூண்டு, அவ்வளவுதான். எதற்கு இது என்று கேட்டதற்கு, எஞ்சின் நல்ல எஞ்சின் என்றார். எதைப் பற்றியும் அவர் அதற்கு மேல் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

டிராக்டர் வந்ததில் கோழிகளுக்குத்தான் லாபம். சீட்டில் உட்கார்ந்து முட்டையிட்டன. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூசைக்கு அவர் அதைக் கழுவி, பொட்டு வைத்து, கிளப்பிப் பார்ப்பார். கிளம்பும். அணைத்துவிட்டு உள்ளே வந்து சுண்டல் சாப்பிடுவார்.

நாங்கள் இருந்தது மலேசியாவில், ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாயைத் தாண்டி, அந்தப் பழைய தோட்டத்து நிலத்தில் வாங்கிய ஒரு துண்டு மனையில். நான் ஈப்போவில் ஒரு தையல் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஓர் ஈய லம்பத்தில் ஃபிட்டர். லம்பம் என்றால் சுரங்கம் என்று இருட்டுக் குகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய திறந்த பள்ளம். மண்ணைத் தண்ணீரோடு உறிஞ்சி மேலே தள்ளுகிற பம்புகளைப் பிரித்துப் பூட்டுவது அவர் வேலை. எண்பதுகளின் நடுவில் ஈய விலை அதலபாதாளத்துக்குப் போனது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. இவருடையதும் மூடியது. ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, டூல் பெட்டியை இறக்கி வைத்தார். நான் வேலை முடிந்து வந்தபோது அந்தப் பெட்டியில் இருந்த ஸ்பானர் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, கோரைப் பாயில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அவரோடு லம்பத்தில் வேலை செய்த ஒருவர் முன்பே சிங்கப்பூர் போய்க் கப்பல் பட்டறையில் சேர்ந்திருந்தார். தீபாவளிக்கு வந்தவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அங்கே ஃபிட்டர்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள், சீனப் புத்தாண்டுப் பெருநாள் கழித்து நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் 'பார்ப்போம்' என்றார். அவர் அகராதியில் பார்ப்போம் என்றால் சரி என்று பொருள். மாட்டேன் என்பதற்கு அவர் எழுந்து போய்விடுவார்.

அவர் போவதில் எனக்குச் சம்மதமில்லை. காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா அப்படிப் போனவர். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ரப்பர் பால் வெட்டு பிடிக்கவில்லை என்று சிங்கப்பூர் போனார். தீபாவளிக்குத் தீபாவளி வருவார். வந்தால் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குத் துடைத்துப் போடுவோம். அம்மா எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்பாள். எனக்கு அவரோடு என்ன பேசுவது என்று தெரியாது, அவருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு தீபாவளிக்கு ஒருமுறை வந்தார். பிறகு வரவில்லை. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தூரம் அவரைத் தின்றுவிட்டது. என் பிள்ளைகள் அப்படி ஒரு நாற்காலியைத் துடைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இதை நான் அவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். எழுந்து போகவில்லை.

சிம்பாங் பூலாய்க்கு வரும் பெரிய ரோட்டை ஒட்டி, ரப்பர் மரங்களை வெட்டிய இடத்தில் அப்போது புதிதாக ஒரு குடியிருப்பு, தாமான் என்போம், எழும்பிக்கொண்டிருந்தது. வரிசை வீடுகள். ஒரு வரிசையின் முதுகும் அடுத்த வரிசையின் முதுகும் பார்த்துக்கொள்ளும்; நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்துகளில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்ட வேண்டும். வேலையை எடுத்திருந்த சீன முதலாளியிடம், எங்களுக்கு அவர் தவுக்கே, பெரிய மஞ்சள் மெஷின் இருந்தது. அது சந்துக்குள் நுழையாது. வீடுகளைக் கட்டி முடித்த பிறகுதான் யாருக்கோ குழாய் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. சங்குல் மண்வெட்டி பிடித்து வெட்ட ஆள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களும் மரங்களின் பழைய வேரைப் பார்த்துவிட்டு மறுநாள் வருவதில்லை.

கோப்பிக் கடையில் தவுக்கே இதைச் சொல்லிப் புலம்பியபோது என் வீட்டுக்காரர் பக்கத்து மேசையில் இருந்தாராம். தவுக்கே எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஓடி விளையாடி வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், மரியாதை மட்டும் வராது. 'சின்னதா ஒரு மெஷின் இருந்தா வேலை குடுப்பீங்களா' என்று இவர் கேட்க, 'நீ கொண்டு வா, நான் பாக்குறேன். பெருநாளுக்கு முன்ன வேலை தொடங்கணும்' என்றாராம் அவர். இவர் நேராக வீட்டுக்கு வந்து, பலா மரத்தடிக்குப் போய், கோழிகளை விரட்டினார்.

அப்போதுதான் எனக்கு அவர் கணக்கு புரிந்தது. சிங்கப்பூர்க்காரர் பெருநாள் கழித்து வருவார். தவுக்கே பெருநாளுக்கு முன்னால் பார்ப்பார். நடுவில் அந்த டிராக்டரின் பின்பக்கம் மண் தோண்டுகிற ஒரு கையை முளைக்க வைக்க வேண்டும். முளைத்தால் இங்கே. இல்லாவிட்டால் அங்கே.

சமையல்கட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் படம் வரைந்தார். நான் துணி துவைக்கிற இடம் அது. பல நாட்கள் ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடுகளை மிதிக்காமல் சுற்றிப் போனேன். என் தம்பியும் கூடச் சேர்ந்தான். அவன் சிம்பாங் பூலாயில் கல் உடைக்கிற ஒரு மலைப் பட்டறையில் வெல்டர். ஆள் ஒல்லி, வாய் மட்டும் தடிமன். மலையில் பெரிய மெஷின்களோடு பழகியவன் என்பதால் ஒவ்வொரு பாகத்துக்கும் இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தான். மேல்பக்கத்து நீளக் கை பூம், அதற்கு அடுத்தது டிப்பர். என் வீட்டுக்காரருக்கு இதிலேயே சிக்கல். டிப்பர் என்றால் மண் கொட்டுகிற லோரி இல்லையா என்றார். இந்த டிப்பர் வேறு, அந்த டிப்பர் வேறு என்று அவன் பாடம் எடுக்க, இவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து தன் வழியிலேயே பெயர் வைத்தார். மேல்கை, முழங்கை, முன்கை. மண்ணைக் குத்துகிற பல்லுக்கு விரல். கை சுற்றுகிற தூணுக்கு இடுப்பு. தோண்டும்போது டிராக்டர் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தரையில் ஊன்றுகிற கம்பங்களுக்குக் கால். எல்லாருக்கும் புரிந்தது. எனக்கே புரிந்தது.

மண் அள்ளுகிற பக்கெட்டை மூடிப்போன லம்பத்து மண் குழாயில் பாதியை வெட்டிச் செய்தார். வருடக்கணக்கில் மணல் ஓடி உட்புறம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும் குழாய். மண் ஒட்டாது என்றார். விரல்களுக்கு லோரியின் பழைய ஸ்பிரிங் பட்டை. எண்ணெயில் வேலை செய்கிற ஜாக்குகளை ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததிலிருந்து பொறுக்கி வந்தார். ஒன்றும் ஒன்றுக்கு ஜோடி இல்லை. அவற்றை வீட்டு முன்னறையில் பிரித்துப் போட்டார். சாமி படத்துக்குக் கீழே ஜாக்கின் குடல் கிடந்தது. வந்தவர்கள் தாண்டித்தான் போனார்கள்.

மிச்சம் இருந்தது தகடு. தம்பியின் முதலாளி நல்ல மனுஷன். வெட்டி மிஞ்சின தகடுகளை எடுத்துக்கொள், பட்டறையிலேயே வெட்டிக்கொள், ஒரு தடவைதான் என்று அனுமதி கொடுத்திருந்தார். எவ்வளவு கனமான தகடு என்பதை என் வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். தினமும் காலையில் என் பஸ் சிம்பாங் பூலாய் கோப்பிக் கடைக்கு முன்னால் கொஞ்சம் நிற்கும். தம்பி அங்கே பசியாறிக்கொண்டிருப்பான். ஆக, சேதி கொண்டுபோகிற வேலை எனக்கு.

"கைக்குக் கால், காலுக்கு அரை. மறக்காம சொல்லு" என்றார்.

கைக்குக் கால் இஞ்சுத் தகடு, காலுக்கு அரை இஞ்சுத் தகடு. கை நீட்டி மடக்குவது, கனம் கூடாது. கால் ஊன்றுவது, கனமாக இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இதைக் காதால் கேட்டுப் பாருங்கள். கைக்குக் கால், காலுக்கு அரை. பஸ்ஸில் நான் இதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கோப்பிக் கடை வந்தது. ஜன்னல் வழியாகக் கத்தினேன். தம்பி ரொட்டியைக் கோப்பியில் முக்கிக்கொண்டே தலையைத் தூக்கினான். பஸ் எஞ்சின் சத்தம். இரண்டாம் தடவையும் சொன்னேன். அவன் திருப்பிக் கத்தினான், "காலுக்குக் கால், கைக்கு அரை, சரிதானேக்கா?" பஸ் கிளம்பிவிட்டது.

இங்கிருந்துதான் எங்கள் குடும்பம் இரண்டு கட்சி. அக்கா தலையை ஆட்டினாள் என்கிறான் அவன். நான் ஆட்டவில்லை. அந்த பஸ் கிளம்பினால் ஜன்னலோரம் இருக்கிற யாருடைய தலையும் ஆடத்தான் செய்யும். இல்லையில்லை என்று நான் கை காட்டியதை அவன் டாட்டா என்று எடுத்துக்கொண்டான். பதிலுக்கு அவனும் காட்டினான். அன்றைக்கே சாயங்காலம் வந்து கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. காலுக்குக் கால் என்றால் காதுக்கு இனிமையாக இருக்கிறது, அதனால் அதுதான் சரி என்று நினைத்துவிட்டான். இன்றுவரை நான் சொன்னது சரி. அவன் வெட்டியது தப்பு.

வெட்டின துண்டுகள் ஒரு லோரியில் வந்து இறங்கின. மேல்கைத் தகட்டை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கால் தகட்டைத் தடவினார். நானும் தம்பியும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். அவர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, இருக்கிறதை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார். முதலாளி ஒரு தடவை என்று சொன்னது ஒரு தடவைதான். அரை இஞ்சுக் கையும் கால் இஞ்சுக் காலுமாக அந்த மெஷின் பிறந்தது. பார்க்கப் பயில்வான் உடம்புக்குக் கோழிக் கால் வைத்த மாதிரி இருந்தது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். இது நிற்கப்போவது காலில்தானே, காலுக்கு வைக்காவிட்டால் எப்படி என்று தம்பி கேட்டான். அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. காலுக்கும் இரண்டு வைத்தோம். சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, அக்கம்பக்கம் எல்லாம் நிற்க, அவர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து லீவரை இழுத்தார். கால்கள் இறங்கிப் பழத்தை நசுக்கின. கை நீண்டது. நீளும்வரை அழகாகத்தான் இருந்தது. முழுதாக நீண்டதும் டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. அவர் கையை மடக்குவதற்குள் இடது கால் வளைந்து, மெஷின் மண்டி போட்டு உட்கார்ந்தது. யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, படுத்துவிட்டார். மறுநாள் ஈப்போ போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். சின்னக் கவர். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பிரித்துப் பார்த்தேன். கல்யாணப் போட்டோவில்கூட அவ்வளவு நேராக நிற்காத மனுஷன், அதில் வெள்ளைச் சட்டை போட்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயம்தான் அது, கோபமாக வந்தது.

"போறதுன்னா போங்க" என்றேன். "அந்தக் கால நிமுத்தி வெச்சிட்டுப் போங்க. பின்வாசல்ல அது முட்டி போட்டு நிக்கிறத தெனம் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

அவர் போட்டோவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனார். அன்று சாயங்காலமே தம்பியும் வந்தான். வளைந்த காலை நிமிர்த்தி, மிஞ்சின மண் குழாயைப் பிளந்து அதன் மேல் கவசம் மாதிரி வைத்து ஒட்டினார்கள். கால் பிரச்சினை தீர்ந்தது. கனமான கை முன்பக்கத்தைத் தூக்குவதற்கு மட்டும் வழி இல்லை. சாக்கில் மணல் நிரப்பி எஞ்சின் மூடியின் மேல் கட்டினார்கள். மெதுவாக ஓட்டினால் நின்றது. அவசரப்பட்டால் சாக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் சரியாகக் கட்டிவிடலாம் என்றார் அவர்.

ஒரு வாரம் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலையிலேயே தவுக்கே ஆள் அனுப்பிவிட்டார். மெஷினைச் சந்துக்குக் கொண்டு வா, இன்றைக்குப் பார்த்து முடிவு சொல்கிறேன் என்று. இரண்டு பேரும் பசியாறாமல் கிளம்பிப் போனார்கள். நான் பிளாஸ்கில் கோப்பியும் வாழை இலையில் மடித்த நாசி லெமாக் சோறும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கைலியோடு போனேன். அங்கே எனக்கு வேறு வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சந்துக்குள் டிராக்டர் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு நுழைந்தது. தவுக்கே அதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தார். இவர் கால்களை ஊன்றி, கையை நீட்டி, முதல் வாளி மண்ணை அள்ளினார். இரண்டாவது, மூன்றாவது. ஈரச் செம்மண் சுலபமாக வந்தது. தவுக்கே சிகரெட் பற்றவைத்தார். நான் பிளாஸ்கைத் திறக்கப்போனேன்.

அப்போது பக்கெட் எதிலோ மாட்டியது. ரப்பர் மரத்து ஆணிவேர். மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டு மண் மூடியிருந்தார்கள். இவர் இழுத்தார். வேர் வரவில்லை, முன் சக்கரம் மேலே வந்தது. மணல் மூட்டைகள் சரிந்து, கயிறு நழுவி, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்தன. ஒரு சாக்கு கிழிந்தது. தம்பி ஓடிப்போய் எஞ்சின் மூடி மேல் ஏறி உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததற்கும் உட்காராததற்கும் டிராக்டர் வித்தியாசம் பார்க்கவில்லை. தவுக்கே சிகரெட்டைக் கீழே போட்டார். கார்ச் சாவியை எடுத்து விரலில் சுற்றத் தொடங்கினார். தன் காடியை நோக்கித் திரும்பியும்விட்டார். என் வீட்டுக்காரர் கை எஞ்சினை அணைக்கப் போனது. சட்டைப் பையில் அந்தப் போட்டோ கவரின் நுனி தெரிந்தது.

நான் பிளாஸ்கைச் சுவர் மேல் வைத்தேன். சாக்கை உதறி மூடி மேல் விரித்து, தம்பியைத் தள்ளி உட்காரச் சொல்லி, ஏறி உட்கார்ந்தேன். நான் ஒல்லியான ஆள் இல்லை. முன் சக்கரம் இறங்கித் தரையைத் தொட்டது.

"இப்ப இழுங்க" என்றேன்.

இழுத்தார். மெஷின் முழுதும் நடுங்கியது. கீழே எஞ்சின் சூடு சாக்கைத் தாண்டி ஏறியது. எண்ணெய்க் குழாய்கள் விறைத்தன. கால் இஞ்சுத் தகட்டில் செய்திருந்தால் அந்தக் கை அங்கேயே முறுக்கிக்கொண்டிருக்கும் என்று பிறகு அவரே சொன்னார். தம்பி அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறான். அரை இஞ்சுக் கை வளையவில்லை. மண்ணுக்கடியில் ஏதோ அறுகிற சத்தம் வந்தது, வேர் செம்மண்ணை உதறிக்கொண்டு மேலே வந்தது. தவுக்கே திரும்பி நடந்து வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வேரைக் காலால் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மெஷின் நல்லா இருக்குலா" என்றார். "ஆனா டெய்லி பொண்டாட்டி கொண்டு வருவியா?"

தவுக்கேயோடு வந்திருந்த கூலிக்காரர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. லீவரில் இருந்து கையை எடுக்காமல் சொன்னார்.

"அவ எறங்கிட்டா நிக்காது, தவுக்கே. மெஷின மட்டும் சொல்லல."

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவர் என்னைப் பற்றி என் எதிரில் சொன்ன நீளமான பேச்சு அது. அதையும் ஒரு மூன்றாம் மனுஷனிடம் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சூடு தாங்காமல் முகம் சிவந்தது என்று வைத்துக்கொள்ளலாம். தவுக்கே, நாளைக்கு வேலை தொடங்கு, முன்னால் ஏதாவது நல்லதாகக் கட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்கு என்றால் அன்றைக்கே செய்தாக வேண்டும். அவர் என்னையும் தம்பியையும் ஈப்போவுக்குக் கூட்டிப்போய், பழைய இரும்புக் கடையில், இரும்பு நிறுக்கிற மேடையில் ஒன்றாக ஏற்றினார். இரண்டு பேர் எடைக்கு என்னென்ன இரும்பு வேண்டும் என்று பார்க்கத்தான். கடைக்காரி எடையைக் கந்தோனீஸ் சீனத்தில் கடை முழுக்கக் கேட்கச் சொன்னாள். எனக்கு அந்த மொழியில் எண்கள் தெரியும் என்பதுதான் கொடுமை. இங்கே எழுதப்போவதில்லை. அன்று இரும்பை வைத்துச் சமாளித்தார். பிறகு அதே எடைக்குப் பலகையில் அச்சுச் செய்து ஒரு கான்கிரீட் கட்டி வார்த்து, போல்ட்டு வைத்து முன்னால் முடுக்கினார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அந்தக் கட்டிக்கு அண்ணி என்று பெயர் வைத்தார்கள். அண்ணே, அண்ணிய முடுக்கியாச்சா என்று காலையில் கேட்பார்களாம். பாதி எடை தம்பியுடையது என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான் இதற்கும் கோபித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் இல்லை.

பெருநாள் கழித்துச் சிங்கப்பூர்க்காரர் வந்தார். கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். பட்டறையில் இடம் காத்திருக்கிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். என்ன ஆச்சு என்று அவர் என்னைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

வேலை சந்து சந்தாக நகர்ந்து, பெரிய ரோட்டில் போய் முட்டுகிற சந்துக்கு வந்தது. ஒரு நாள் காலை என் பஸ் அந்தப் பக்கம் வரும்போது பார்த்தேன். மஞ்சள் வெயில். சந்தின் வாயில் அந்தச் சின்ன டிராக்டர். அதில் அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பக்கெட்டின் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் என் பழைய துண்டு. சட்டை முதுகில் ஈரம். வீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு கிட்டம்.

அம்மா தன் புருஷன் சிங்கப்பூரில் வேலை செய்வதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் அங்கே என்ன வேலை செய்தார் என்றே அவளுக்குச் சரியாகத் தெரியாது. கேட்டால், ஏதோ கப்பல் வேலை என்பாள்.

பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா பதறிப்போய் என்ன என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன். மலாயில் புருஷனுக்குச் சுவாமி என்று பெயர், என் என்பதற்குச் சாயா. என் வீட்டுக்காரரை அப்படிச் சொல்ல வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்று சிரிப்பு வரவில்லை.

"சுவாமி சாயா" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். பஸ் தாண்டிவிட்டிருந்தது.